ஸ்கேன் சென்டர் சுவரில் இருக்கும் பலகை: கருவில் ஆணா பெண்ணா பார்க்கத் தடை, மும்பைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்தில்தான் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். சோனோகிராஃபி எடுக்கத் துணைக்கு வரச் சொன்னாள் என்று போயிருந்தேன். கவுண்டரில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பாதி இங்கிலீஷ், பாதி மராத்தி. அவள் திருநெல்வேலிப் பக்கம் தமிழில் பத்தாவது வரை படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ஆம்பளப் பிள்ள எத்தனை, பொம்பளப் பிள்ள எத்தனைன்னு கேட்டிருக்காகளே, எதுக்கு? ஏற்கெனவே ஒண்ணு பொண்ணுன்னு எழுதினா ஸ்கேன் எடுக்க மாட்டாகளோ?"

"எடுப்பாங்க, பயப்படாம எழுது" என்றேன். அவள் மாமியார் என் காதருகே குனிந்து, "டாக்டரம்மாகிட்ட மெதுவா ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். காசு குடுத்தா சொல்லுதாகன்னு பேசிக்கிடுதாக" என்றார்.

இந்த இரண்டு கேள்விகளையும் நான் அடிக்கடி கேட்கிறேன். ஒன்று பயத்தில் வருவது, இன்னொன்று ஆசையில் வருவது. இரண்டுக்கும் பதில் ஒரே சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி நம்மவர்கள் தெரிந்து வைத்திருப்பதெல்லாம் "சொல்ல மாட்டாங்க" என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அது கர்ப்பிணியின் பக்கம் நிற்கும் சட்டம் என்பது பலருக்கும் தெரியவில்லை.

முதலில் அந்தப் பலகை. மும்பையில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் இங்கிலீஷிலும் மராத்தியிலும் ஒரு பலகை மாட்டியிருக்கும். அதில் 'கர்ப்பலிங்க நிதான்' என்று வரும். நிதான் என்றால் மராத்தியில் கண்டறிதல். நாம் நிதானம் என்று சொல்லும் பொருளில் அல்ல. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்வதில்லை, அப்படிச் செய்வது குற்றம் என்பதுதான் அதன் பொருள். பலகை வைப்பது சட்டக் கட்டாயம். சட்டத்தின் நகல் ஒன்றும் அங்கே இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஸ்கேன் எடுக்காதீர்கள்.

இதன் பெயர் பி.சி.பி.என்.டி.டி. சட்டம். கரு உருவாவதற்கு முன்னும் பின்னும் பாலினம் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்வது. நாடாளுமன்றத்தில் 1994-இல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2003-இல் திருத்தி இறுக்கினார்கள். ஆனால் இதன் வேர் டெல்லியில் இல்லை, இந்த மும்பையில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் மும்பைப் புறநகர் கோரேகாவின் மிருணாள் தாயி கதையைச் சொல்லாமல் முடியாது. தாயி என்றால் மராத்தியில் அக்கா.

மிருணாள் கோரே 1928-இல் பிறந்தவர். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தார். சோஷலிஸ்ட் இயக்கத்தில் கூடவே உழைத்த கேசவ் கோரேயை மணந்தார். 1958-இல் கணவர் இறந்துபோனார், கையில் ஒரு பெண் குழந்தை. அதோடு ஒதுங்கிவிடாமல் 1961-இல் மும்பை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோரேகாவில் குழாயில் தண்ணீர் வராத காலம் அது. பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் போராடியே தண்ணீர் வாங்கிக் கொடுத்ததால் 'பானிவாலி பாயி' என்று பெயர் நிலைத்துவிட்டது. நம் பாஷையில் தண்ணிக்கார அம்மா. 1972-இல் சட்டமன்றத்துக்குப் போனார். அதே காலத்தில் விலைவாசி ஏறியபோது அஹில்யா ராங்கணேகர், பிரமிளா தண்டவதே போன்றவர்களோடு சேர்ந்து கையில் பூரிக்கட்டையோடு பெண்கள் ஊர்வலம் நடத்தினார். எமர்ஜென்சியில் சிறை. 1977-இல் வடக்கு மும்பையில் இருந்து நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தார். இந்திரா காந்தி தோற்ற தேர்தல் அது. "தண்ணிக்கார அம்மா டெல்லியில், டெல்லிக்கார அம்மா தண்ணியில்" என்று இந்தியில் ஒரு கோஷம் அப்போது ஊரெல்லாம் ஒலித்தது.

சரி, தண்ணீருக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்? 1980-களில் மும்பை எப்படி இருந்தது என்று பாருங்கள். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறை வந்திருந்தது. பிறவிக் கோளாறு கண்டுபிடிக்க வந்த சோதனை அது. பாலினம் பார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1978-இல் மத்திய அரசு தடை போட்டது, ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும். உடனே தனியார் கிளினிக்குகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. இப்போது ஐநூறு செலவழித்தால் பின்னால் வரதட்சணையாகப் போகும் ஐம்பதாயிரம் மிச்சம் என்கிற தோரணையில் பகிரங்கமாக விளம்பரம் செய்தார்கள். மகாராஷ்டிர அரசே ஏற்பாடு செய்த ஓர் ஆய்வில், மும்பையில் பேட்டி கண்ட 50 மகப்பேறு டாக்டர்களில் 42 பேர் இந்தச் சோதனையைச் செய்வதாகத் தெரிந்தது.

நம் ஊரில் கள்ளிப்பால் கதையைச் சொன்னாலே உசிலம்பட்டியையும் சேலத்தையும் கை காட்டுவார்கள். தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தை திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது அதனால்தான். படிக்காத கிராமத்து ஏழைகள் செய்வது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, இந்தப் பெரிய நகரத்தில், படித்தவர்கள், காசுள்ளவர்கள், டாக்டர் கையாலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

1985-இல் மும்பையில் பெண்கள் அமைப்புகளும் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் கூடி இதை எதிர்த்து ஒரு மன்றம் அமைத்தார்கள். அதே ஆண்டு மிருணாள் தாயி மறுபடி சட்டமன்றத்துக்கு வந்திருந்தார். 1986-இல் பாலினச் சோதனைக்குத் தடை கேட்டு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதா. நிறைவேறாவிட்டாலும் விஷயம் சபைக்குள் வந்துவிட்டது. வெளியே இயக்கத்தின் அழுத்தமும் விடவில்லை. 1988-இல் மகாராஷ்டிர அரசே சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் சட்டம் அதுதான். ஒரு மாநிலத்தில் தடை என்றால் பக்கத்து மாநிலத்துக்கு ரயில் ஏறிவிடலாமே. அதனால்தான் மத்தியச் சட்டம் தேவைப்பட்டது.

அப்புறம் மத்தியச் சட்டம் வந்தும் ஏட்டளவில்தான் கிடந்தது. 2000-இல் மும்பையின் செஹாத், புணேயின் மாசூம் என்ற இரண்டு அமைப்புகளும் டாக்டர் சாபு ஜார்ஜும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்ட பிறகே மாநிலங்கள் இயந்திரங்களைக் கணக்கெடுக்கவும் பதிவு செய்யவும் தொடங்கின.

இனி, சட்டம் இன்று என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கருவின் பாலினத்தை வாயால் மட்டுமில்லை, சைகையால்கூடச் சொல்லக் கூடாது. கர்ப்பிணியிடமும் கூடாது, உறவினரிடமும் கூடாது. 'ஜிலேபி', 'லட்டு' என்று ஜாடையாகச் சொன்னாலும் குற்றம் குற்றம்தான். ஸ்கேன் மட்டுமல்ல, ரத்தப் பரிசோதனை வழியாகப் பார்த்துச் சொல்வதும் இதில் அடங்கும். விளம்பரமும் கூடாது, இணையத்தில் செய்தாலும் சேர்த்துத்தான்.

தப்பு செய்த டாக்டருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 50,000 ரூபாய் வரை. தண்டனை உறுதியானால் மருத்துவக் கவுன்சில் பட்டியலில் இருந்து 5 ஆண்டுக்குப் பெயர் நீங்கும், இரண்டாம் முறை நிரந்தரமாக. பாலினம் பார்க்கச் சொல்லி நாடிப் போகிறவர்களுக்கு அபராதம் இன்னும் அதிகம்: 3 ஆண்டு வரை சிறையோடு 50,000 ரூபாய் வரை, மறுபடி என்றால் 5 ஆண்டும் 1 லட்சமும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, சமரசம் பேசி முடிக்கவும் முடியாது. காதருகே குனிந்து "ஒரு வார்த்தை கேளு" என்கிற மாமியாரும், "நான் காசு குடுக்கேன்" என்கிற கணவரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கர்ப்பிணி? சட்டத்தின் 24-ஆம் பிரிவை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பெண் பாலினச் சோதனை செய்துகொண்டால், கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் செய்துகொண்டாள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் வேலை. கட்டாயத்துக்கு உள்ளான பெண்ணுக்குத் தண்டனை இல்லை என்று 23-ஆம் பிரிவும் தனியாகச் சொல்கிறது. "வெளியே சொன்னால் உன்னையும்தான் பிடிப்பார்கள்" என்று வீட்டில் யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கையில் இருந்தது எஃப் படிவம். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டியது. பெயர், வயது, முகவரி, போன் நம்பர், எத்தனை ஆண் பிள்ளை, எத்தனை பெண் பிள்ளை, அவர்கள் வயது, எந்த டாக்டர் அனுப்பினார், கடைசியாகத் தீட்டு வந்த தேதி, எதற்காக ஸ்கேன் என்று எல்லாம் இருக்கும். பெண் பிள்ளை இருந்தால் ஸ்கேன் மறுக்க அல்ல அந்தக் கேள்வி. பெண் குழந்தை உள்ள தாய்மார்கள் ஒரே சென்டருக்குக் குவிகிறார்களா, அவர்களுடைய கர்ப்பம் பிறகு என்ன ஆனது என்று அதிகாரிகள் தணிக்கை செய்ய அதுதான் ஆதாரம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சென்டர் மீது வழக்கு வரலாம். 2019-இல் டாக்டர்கள் சங்கம் இதை எதிர்த்துப் போனபோதும் சுப்ரீம் கோர்ட் தளர்த்த மறுத்துவிட்டது. கவுண்டரில் இருப்பவர் "இதையும் எழுதுங்க" என்று கெடுபிடி செய்வது இதனால்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படிவத்தின் கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் கருவின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்ற உறுதிமொழி இருக்கும். நான் பார்க்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை என்று டாக்டரும் கையெழுத்திடுவார். மொழி தெரியாவிட்டால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் சோதனை என்றால் இன்னும் கவனம் வேண்டும். பக்கவிளைவுகளை விளக்கி, உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்க வேண்டும், அதன் நகலையும் உங்களுக்குத் தர வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. தமிழ்தான் புரியும் என்றால் தமிழில் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். இது கருக்கலைப்புக்குத் தடை போடும் சட்டம் இல்லை. அதற்கு எம்.டி.பி. என்று தனிச் சட்டம் உண்டு. அதில் சொன்ன காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், 2021 திருத்தத்துக்குப் பிறகு குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் கலைக்கலாம். பாலினம் பார்த்துக் கலைப்பதுதான் குற்றம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்துபோய், உண்மையிலேயே தேவைப்படும் பெண்கள் தெரியாத இடங்களுக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கே புகார் செய்வது? மும்பையில் ஒவ்வொரு வார்டு ஆபீஸிலும் இருக்கும் சுகாதார மருத்துவ அதிகாரிதான் இதற்குப் பொறுப்பு. தாராவி, மாஹிம், தாதர்காரர்களுக்கு ஜி நார்த் வார்டு. மாட்டுங்கா, வடாலா, அன்டாப் ஹில்காரர்களுக்கு எஃப் நார்த். எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், கோர்ட்டுக்குப் போகப் போவதாக 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சரியான தகவல் கொடுப்பவருக்கு மகாராஷ்டிர அரசின் சன்மானமும் உண்டு.

சட்டம் வந்ததால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மகாராஷ்டிரத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 1991-இல் 946 பெண்கள் இருந்தார்கள். 2001-இல் 913, 2011-இல் 894. மிருணாள் தாயி 2012 ஜூலையில் காலமானார். அந்தச் சரிவைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார். கோரேகாவில் இப்போது அவர் பெயரில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. அதன்மேல் தினமும் போய் வரும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுப் பெண், ஆண் என்ற இடத்தில் சைபரும் பெண் என்ற இடத்தில் ஒன்றும் போட்டு, பக்கத்தில் வயது 2 என்று எழுதினாள். உறுதிமொழியை நான் தமிழில் சொன்னேன், கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டாள். ஸ்கேனும் எடுத்தார்கள், பிள்ளை நன்றாக இருக்கிறது. திரும்பி வரும்போது மாமியார் பேசவே இல்லை. சந்து முனையில் நின்று, "பொம்பளப் பிள்ளைக்கு கவர்மெண்டு ஏதோ பணம் தருதாமே, நெசமா?" என்று கேட்டார்.

நிஜம்தான். 'லேக் லாட்கி' திட்டம். 2023 ஏப்ரல் 1-க்குப் பின் பிறந்த பெண்ணுக்கு, மஞ்சள் அல்லது கேசரி (ஆரஞ்சு நிற) ரேஷன் கார்டு உள்ள வீடாக இருந்தால், பிறந்ததும் 5,000, ஒன்றாம் வகுப்பில் 6,000, ஆறாவதில் 7,000, பதினொன்றில் 8,000, பதினெட்டு முடிந்ததும் 75,000. மொத்தம் 1,01,000 ரூபாய். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அங்கன்வாடி டீச்சரிடம் விண்ணப்பம் கிடைக்கும். பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பாஸ்புக் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருமானச் சான்று மட்டும் இன்னும் வரவில்லை.