அட்டவணையில் இல்லாத கால்வாய்

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி தன் ஆய்வேட்டு வரைவைக் கொண்டுவந்தார். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயல் வயலாக அலைந்து, பிசானப் பருவ நெல் விளைச்சலைப் பற்றித் தரவு சேர்த்திருக்கிறார். முடிவுரையில் ஒரு வரி: 'கால்வாய்ப் பாசனத்துக்கு விளைச்சலில் பங்கு இல்லை.'

கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் பாயும் மண்ணிலிருந்து இப்படி ஒரு முடிவு! கேட்டால், எது விளைச்சலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணிக்கும் தொடர்புப்போக்கு (regression) அட்டவணையில் குளம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கால்வாய் இல்லையே என்கிறார். இதே பிழையை வேறு வேறு ஆய்வேடுகளில் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு வயல் அந்த வகையைச் சேர்ந்தது என்றால் 1, இல்லையென்றால் 0 என்று குறிப்பதுதான் போலி மாறி (dummy variable). மூன்று வகைப் பாசனம் இருந்தால் இரண்டு போலி மாறிகள்தான் வரும். அது பாடநூலிலேயே இருக்கிறது. விடுபட்ட வகைதான் அடிப்படை வகை. மற்ற இரண்டையும் அதிலிருந்துதான் அளக்கிறோம். 'திருநெல்வேலியிலிருந்து' என்று தலைப்பிட்ட தூரப் பட்டியலில் தென்காசி இருக்கும், நாகர்கோவில் இருக்கும், திருநெல்வேலி இருக்காது. அதற்காக ஊரே இல்லை என்றாகிவிடுமா?

எண்களை வைத்தே பாருங்கள். கால்வாய் அடிப்படை வகை. குளத்தின் கெழு, அதாவது அட்டவணையில் அதற்கு நேரே வரும் எண், −150, கிணற்றின் கெழு +100 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நெல் ரகம், ஒரே அளவு உரம் என்றிருக்கும்போது, கால்வாய் வயலைவிடக் குளத்து வயலில் ஏக்கருக்கு 150 கிலோ குறைவு, கிணற்று வயலில் 100 கிலோ கூடுதல். பொருள் இவ்வளவுதான். குளத்தால் விளைச்சல் கெடுகிறது என்பதல்ல. இனி, குளத்தை அடிப்படையாக மாற்றுங்கள். கால்வாய் +150, கிணறு +250 என்று வரும். எந்த வயலுக்கும் கணிக்கப்படும் விளைச்சல் ஒரு கிலோகூட மாறாது. அளக்கத் தொடங்கும் இடம்தான் மாறியது.

வேறுபாடு தற்செயலானதல்ல என்பதற்குப் போதிய சான்று உள்ள கெழுவுக்குப் பக்கத்தில் போடும் நட்சத்திரக் குறிக்கும் இதுவே பொருந்தும். கிணற்றுக்கு நேரே நட்சத்திரம் இல்லை என்றால், கால்வாய்க்கும் கிணற்றுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இந்தத் தரவில் போதிய சான்று இல்லை என்று பொருள். குளத்தோடு ஒப்பிட்டால் அதே கிணறு நட்சத்திரம் பெறலாம். நட்சத்திரம் இல்லாத போலி மாறியை மட்டும் பிடுங்கி எறிகிறார்களே, அவர்களைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கிணற்றைப் பிடுங்கினால் கிணற்று வயல்கள் எல்லாம் சத்தமில்லாமல் கால்வாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். பாசன வகை முக்கியமா என்று அறிய வேண்டுமானால் பாசனத்துக்கான எல்லாப் போலி மாறிகளையும் சேர்த்து ஒரே எஃப் சோதனை (பல கெழுக்களை ஒருசேரச் சோதிக்கும் F-test) செய்யுங்கள்.

கால்வாய் 1, குளம் 2, கிணறு 3 என்று எண் கொடுத்து அப்படியே தொடர்புப்போக்குக் கணக்கில் நுழைக்காதீர்கள். கால்வாயிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து கிணற்றுக்கும் ஒரே அளவு மாற்றம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பத்தே வயல்கள் உள்ள வகையை அடிப்படையாக வைக்காதீர்கள். மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்று காட்டும் திட்டப்பிழை பெருத்து எல்லா ஒப்பீடும் மங்கிப்போகும். மென்பொருள் அகர வரிசையில் முதலில் வரும் வகையைத் தானே அடிப்படையாக்கிவிடுவதும் உண்டு. எது அடிப்படை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். கையெழுத்திடும் முன், 'எதோடு ஒப்பிட்டு?' என்று ஒருமுறை கேளுங்கள். அந்த மாணவி இப்போது ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் 'அடிப்படை வகை: கால்வாய்ப் பாசனம்' என்று எழுதியிருக்கிறார். முடிவுரையின் அந்த வரியை அவரே அடித்துவிட்டார்.