எலும்பு கூடிவிட்டது, கை ஏன் தூக்க வரவில்லை?

இதே கதையோடு போன வாரம் இன்னொரு பையன் வந்தான். பைக்கிலிருந்து விழுந்து 14 மாதம் ஆகிறது. தொடை எலும்புக்குக் கம்பி வைத்து, அது கூடி, நன்றாகவே நடக்கிறான். வலது கை மட்டும் தோளிலிருந்து அப்படியே தொங்குகிறது, முழங்கை மடங்கவில்லை, தோள் சதை வற்றி எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. "நரம்பு அடிபட்டிருக்கு, தானா வந்துடும்னு சொன்னாங்க மேடம், நீங்க கரண்ட் மட்டும் வச்சுவிடுங்க" என்கிறார் அவன் அம்மா. கை நரம்பு அறுவை முடிந்து வருபவர்களைப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அறுவைக்கான காலமே தாண்டிப்போய் வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, காலர் எலும்புக்குப் பின்னால் பின்னிக்கொண்டு கைக்குள் இறங்குகின்றன. பிரேக்கியல் பிளெக்சஸ் என்பது இதைத்தான். வண்டியிலிருந்து தோள் அடிபட விழுந்தால் இது இழுபடும், அல்லது அறும். அவ்வளவுதான்.

"தானா வந்துடும்" என்பது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். லேசாக இழுபட்ட நரம்பு சில வாரத்தில், சில மாதத்தில் தானாகவே திரும்பும். அப்படித் திரும்பிய ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், அவரைக் காட்டித்தான் எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். அறுந்ததும் இழுபட்டதும் முதல் நாள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் காத்திருப்பது என்றால், வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடப்பது இல்லைங்க. மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மின்சோதனை (அதற்கு முன் எடுத்தால் முடிவை நம்ப முடியாது, காசு தண்டம்), கழுத்துக்கு எம்.ஆர்.ஐ., மாதாமாதம் இதைத் தெரிந்த மருத்துவர் எந்தத் தசை வேலை செய்கிறது என்று பார்த்துக் குறிப்பது. மூன்று மாதத்தில் தோளிலும் முழங்கையிலும் அசைவே தலைகாட்டவில்லை என்றால், அறுவை பற்றிப் பேசியாக வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து மேல்கைத் தசைக்கு 25, 30 சென்டிமீட்டர் என்றால் போய்ச் சேரவே பத்து மாதம். நரம்பின் தொடர்பு இல்லாத தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் நாராகிவிடும், அதற்கப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை. விபத்து நடந்த மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறுவை என்று அடித்துக்கொள்வது இதனால்தான். ஒரு வருஷம் பார்க்கலாம் என்பவர், அந்தத் தசையை விட்டுவிடலாம் என்கிறார், அது அவருக்கே தெரியாது.

வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் அது தானாகக் கூடவே கூடாது. அடிபட்ட பக்கத்துக் கண் இமை லேசாகச் சரிந்து, கண்மணியும் சிறுத்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். இதைக் கவனித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுவையில் என்ன செய்வார்கள்? கெண்டைக்கால் நரம்பை எடுத்து ஒட்டுப்போடலாம். வேரே போய்விட்டால் வேலை செய்யும் வேறு நரம்பிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி, நரம்பிழந்த தசைக்குப் பக்கத்திலேயே இணைப்பார்கள். விரல்கள் அசைகிறவர்களுக்கு, கைக்குப் போகும் அல்நார் நரம்பின் ஒரு சின்ன இழையை முழங்கை மடக்கும் தசைக்குத் திருப்பும் முறையை ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994-இல் வெளியிட்டார். தூரம் குறைவு என்பதால் பலன் சில மாதத்திலேயே தெரியத் தொடங்கும்.

அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் கை அசையாது, எல்லாரும் பதறிப்போய் போன் செய்வீர்கள், அது இயல்பு. முதல் அசைவு வந்ததும்தான் என் வேலை. மூச்சுக்கு உதவும் விலா நரம்பைக் கடன் வாங்கி முழங்கைத் தசைக்கு மாற்றி வைத்தவர் மூச்சை இழுத்தால்தான் முழங்கை மடங்கும். ஓபர்லின் செய்தவர் கையை இறுக்கி மூட வேண்டும். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு மூளை பழகிவிடும், மூச்சைப் பிடிக்காமலே மடங்கும். வாரம் ஒரு நாள் என்னிடம் வந்து செய்துவிட்டு மற்ற நாள் டிவி பார்த்தால் நடக்காது.

அந்த "கரண்ட்" விஷயம். அறுந்த நரம்பைக் கரண்ட் சேர்க்காது. நாட்டுக் கட்டும் சேர்க்காது. கட்டை இறுக்கிக் கட்டி, விரல் மூட்டுகள் விறைத்துப்போய், அப்புறம் நரம்பு வந்தாலும் மடக்க முடியாமல் வந்த கைகளைப் பார்த்துச் சலித்துவிட்டது. விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் மற்றக் கையால் தினமும் முழுசாக மடக்கி நீட்டுங்கள். கையைத் தாங்க கழுத்திலிருந்து தொட்டில் (ஸ்லிங்) போடுங்கள், இல்லையென்றால் கை கனத்தில் மூட்டு இறங்கிவிடும்.

மரத்த கை சுட்டாலும் தெரியாது. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான்: நோய் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்கள் தின்றன. அடுப்பு, சைலன்சர், வெந்நீர், பீடி. தினமும் ராத்திரி கையைப் பார்த்துவிட்டுப் படுங்கள். உணர்வில்லாத அதே கையில் எரிகிற மாதிரி, முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி வந்தால் அது கற்பனை இல்லை, அதற்கென்று மாத்திரைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

தாமதமாக வந்தவர்களுக்குக் கதவு மூடிவிடவில்லை. தொடைத் தசையை எடுத்து நரம்பும் ரத்தக்குழாயும் இணைத்துப் பொருத்துவது, தசைநார் மாற்றுவது, தோள் மூட்டை நிலையாகப் பொருத்திவிடுவது எல்லாம் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, வசதியில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். விபத்துத் தேதி எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம், "ஒரு கையாலயே வண்டி ஓட்டப் பழகிட்டேன் மேடம்" என்று சிரித்துக்கொண்டே வரும் தம்பிகளுக்கு: சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வாருங்கள், பயிற்சியைத் தொடங்கலாம்.