பயிற்சியாளரின் குரல் குறிப்பு: பதிவது எளிது, கேட்பதுதான் வேலை

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்கும் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு, அடுத்த வகுப்புக்கான நல்ல யோசனை மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வருவது அரிது. வகுப்பு முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் ஒரு பெண் போகிற போக்கில் கேட்கும் கேள்வியிலோ, ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் திரும்பும் பேருந்தின் ஜன்னலோரத்திலோதான் அது பெரும்பாலும் வருகிறது. உச்சிப்புளியைத் தாண்டும் வரை மனத்தில் தெளிவாக இருந்தது, வீடு போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது 'ஏதோ ஒன்று தோன்றியதே' என்ற அளவுக்கு மங்கிவிடும். கீழக்கரை முதல் தங்கச்சிமடம் வரை இந்தக் கரையோரத்தில் வகுப்பெடுக்கும் பயிற்சியாளர்களிடம் நான் தொடர்ந்து வலியுறுத்தி வருவது, கைப்பேசியில் எல்லோரிடமும் இருக்கிற குரல் பதிவு வசதியைத் தொழிற்கருவியாகப் பயன்படுத்துங்கள் என்பதைத்தான்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் அவை மறக்கின்றன என்று அளந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளுக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் மறந்துபோனதாக அவருடைய கணக்கு காட்டியது. பொருளுள்ள பேச்சு அவ்வளவு வேகமாக மறப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பேச்சில் முதலில் மறப்பது சொன்னவரின் சொற்கள்தாம். கருத்து மட்டும் தங்கி, அதுவும் நம்முடைய பாடப்புத்தகச் சொற்களை உடுத்திக்கொண்டுவிடும். பயிற்சி வகுப்புக்கு இது பெரிய இழப்பு, ஏனென்றால் அடுத்த வகுப்பில் எதிரே உட்காரப் போகிறவர்களுக்குப் புரிகிற மொழி அந்த முதல் சொற்களில்தான் இருந்தது.

மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சேமிப்பு பற்றிய வகுப்பை முடித்தபோது, மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்க்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "மாசா மாசம் எடுத்து வைங்கன்னு சொல்றீக. வாடைக் காத்துல மிதவை பிஞ்சு போற மாசத்துல எதை எடுத்து வைக்கிறது?" வாசலுக்கு வெளியே வந்ததும் அந்தக் கேள்வியை அவர் சொன்னபடியே பதிந்து வைத்தேன். வெறுமனே 'வருமானம் சீராக இல்லை' என்று எழுதியிருந்தால், அது எந்த அரசு அறிக்கையிலும் கிடைக்கும் வாசகமாகவே முடிந்திருக்கும். 'மாசா மாசம்' என்ற அவருடைய சொல்தான் பிழை எங்கே இருக்கிறது என்று காட்டியது. நாங்கள் வைத்திருந்த வரவு செலவுத் தாள் மாதச் சம்பளக்காரருக்காகத் தயாரிக்கப்பட்டது. இந்தக் கரையில் வருமானம் காற்றைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் அடிக்கும். விசைப்படகில் கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆகவே பன்னிரண்டு மாதக் கட்டங்களை எடுத்துவிட்டு, காற்றையும் தடைக்காலத்தையும் வைத்துப் பிரித்த பருவத் தாளாக அதை மாற்றினோம். பாசி நன்றாக விளையும் பருவத்தில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற கணக்கை, அதற்குப் பிறகு பெண்கள் தாங்களே போட ஆரம்பித்தார்கள்.

குறிப்பைப் பேசும் முறையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். தேதி, ஊர், எந்தப் பயிற்சி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் வைத்து இவை எல்லாம் பின்னால் தெரியாது. அடுத்ததாக, கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே சொல்ல வேண்டும். 'என் யோசனை' என்று குரலிலேயே ஒரு கோடு கிழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நம் கருத்துக்குப் போக வேண்டும்; இந்தக் கோடு இல்லாவிட்டால், இரண்டு வாரம் கழித்துக் கேட்கும்போது எது அவருடையது, எது நம்முடையது என்று நமக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியாக, இது எந்த வகுப்பில் எந்த இடத்தில் சேரலாம் என்று ஒரு வாக்கியம். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் நீண்டால், பெரும்பாலும் பேசுகிறவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

கடற்கரையில் பதிவுக்கு முதல் எதிரி காற்று. கைப்பேசியின் ஒலிவாங்கித் துளை பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அதில் காற்று நேராக மோதினால் பேச்சை மூடுகிற இரைச்சல்தான் பதிவாகும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, துளையின் மேல் மெல்லிய கைக்குட்டையைப் போர்த்திப் பேசினால் பேச்சு தெளிவாகக் கேட்கும். பாம்பன் பாலத்தில் இருசக்கர வாகனம் ஓட்டியபடியே பதிவு செய்யும் நண்பர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அங்கே அடிக்கும் பக்கக் காற்றுக்கு இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தாலே போதாது. யோசனை மண்டபம் போய்ச் சேரும் வரை காத்திருக்கட்டும்.

பதிந்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பரவலாக நான் காணும் பழக்கம். நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து வைத்துவிட்டு ஒன்றையும் திரும்பக் கேட்காதவர்கள் பலர். ஐஸ் போடாமல் கரையில் குவித்த மீனுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அன்றைய பதிவுகளை அன்று இரவே கேட்டு, நோட்டில் ஓரிரு வரியாக எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் 2021 முதல் ஒலியை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்க முடிவதால் இதற்கு அதிக நேரமும் ஆகாது. தனக்குத் தானே செய்தி அனுப்பும் வசதியும் 2022 இறுதியிலிருந்து அதிலேயே இருப்பதால், தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ஆனால் எழுதுவதும் முடிவெடுப்பதும் வேறு வேறு. நம் குரலில் உள்ள உற்சாகம் நம்மையே ஏமாற்றும்; பேருந்தில் பிரமாதமாகத் தோன்றிய யோசனை, ஒரு வாரம் ஆறிய பிறகு பழைய பயிற்சிக்கே புதுப்பெயர் என்று தெரியவரும். ஆகவே எழுதியதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் முடிவை வார இறுதிக்குத் தள்ளி வைப்பது நல்லது.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது; கூகுள் விசைப்பலகையில் 2017 முதலே இருக்கிறது. அவசரத்துக்கு உதவும். ஆனால் நம் கரையோரப் பேச்சில் அது தடுமாறும். நாட்டுப் படகு வகைகளான வல்லம் வெல்லமாகவும், வத்தை வேறு ஏதோவாகவும் வந்து நிற்கக் கூடும். மூல ஒலியை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்காமல் அதை நம்பக் கூடாது.

இனி, எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது. நம் குரலில் நாம் பதிவது ஒன்று. பயிற்சிக்கு வந்தவரின் குரலைப் பதிவது முற்றிலும் வேறு. கடன், கணவரின் குடி, இலங்கைச் சிறையில் இருக்கும் மகன் என்று எதையும் நம்பிச் சொல்லும் வகுப்புகள் இவை. அவர் அறியாமல் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துப் பதிவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அந்த நம்பிக்கையை உடைப்பதாகும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது வற்புறுத்தலின்றி, எதற்காக என்பதை அறிந்து, தெளிவாகத் தரப்பட வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நம் குரலில் பதியும் குறிப்பிலும் பெயர் வேண்டாம். 'பாசி வளர்க்கும் ஒருவர்' என்பது போதும், அதுவும் சின்ன ஊரில் அவரை அடையாளம் காட்டிவிடாது என்றால்தான். அந்தரங்கமான செய்தி இருந்தால், எழுதி முடித்த உடனே ஒலியை அழித்துவிட வேண்டும். கைப்பேசியில் அழித்தாலும் இணையத்தில் எடுத்து வைத்த பழைய நகலில் அது தங்கியிருக்கக் கூடும் என்பதால், அந்த நகலெடுப்பு அமைப்பையும் (செட்டிங்ஸ்) பார்த்துக்கொள்வது அவசியம். தனக்கு அனுப்புவதாக நினைத்துக் குழுவுக்கு அனுப்பிவிடும் விபத்தைத் தவிர்க்க, தன் எண்ணின் உரையாடலை பட்டியலின் மேலே குத்தி (பின் செய்து) நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதத் தயங்கும் பெண்களிடம் குரலிலேயே கருத்துக் கேட்பதும் நல்ல பலன் தருகிறது. 'வகுப்பு எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் வரும். 'இன்றைக்குச் சொன்னதில் உங்கள் வேலைக்கு ஒத்து வராதது எது' என்று கேட்க வேண்டும். விடியலில் பாசி எடுக்கப் போகிறவர்களிடமிருந்து பதில் சாயங்காலத்துக்கு மேல்தான் வரும். நினைவூட்டி நச்சரிக்கக் கூடாது. தம் குரல் பிறர் காதுக்குப் போவதை விரும்பாத பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பதால், குழுவில் கேட்காமல் பயிற்சியாளருக்குத் தனியாக அனுப்பச் சொல்வதே முறை. அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், யார் சொன்னது என்று காட்டாமல், வந்த பதில்களால் எது மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விடும் வாரங்களில் அடுத்து வரும் பதில்களும் குறைந்துவிடுகின்றன.