வெள்ளை யானையா, யானைத் தீனியா?

வைத்துக் காப்பாற்றும் செலவு கையைக் கடிக்கும், பயனோ சொற்பம், தள்ளிவிடவும் முடியாது. இப்படிப்பட்ட சொத்தை ஆங்கிலத்தில் ‘ஒயிட் எலிஃபன்ட்’ என்பார்கள். மூன்றும் சேர வேண்டும். துணி காயப்போட மட்டும் உதவும் டிரெட்மில் வெறும் தண்டச் செலவு. அது தினமும் தீனி கேட்பதில்லையே. ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு அப்படியல்ல. வருஷா வருஷம் ஓடு மாற்றி, வீட்டுவரி கட்டி, பங்காளி ஒருவர் கையெழுத்துப் போடாததால் விற்கவும் முடியாமல்... அசல் வெள்ளை யானை அதுதான்.

இந்தச் சொல்லுக்கு ஊர் சயாம், இன்றைய தாய்லாந்து. அங்கே வெள்ளை யானை புனிதமானது, வேலை வாங்கக் கூடாது. பிடிக்காத அதிகாரிக்கு அரசர் ஒன்றைப் பரிசளிப்பாராம். தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆவாராம். கதை ஜோர்தான், எனக்கு நம்பிக்கையில்லை. எங்கே பிடிபட்டாலும் அது அரசருக்கே உரியது என்பதுதான் அங்கே வழக்கம். வெள்ளை யானைகளைத் தர மறுத்ததைச் சாக்காக வைத்து 1563இல் பர்மிய அரசர் சயாமின் அன்றைய தலைநகரான அயுத்தயா மீது படையெடுத்தார். 1916 வரை சயாம் கொடியிலேயே அது நின்றது. அதைப் போய்ப் பிடிக்காதவனுக்குக் கொடுப்பார்களா? அப்புறம், அது வெள்ளையும் இல்லை, வெளிறிய செம்பழுப்பு.

தமிழ்ச் செய்திகளில் ‘வெள்ளை யானை’ என்று அப்படியே எழுதுகிறோம். 2013இல் திறந்து, விமானம் வராமல் கிடந்த இலங்கையின் மத்தளை விமான நிலையத்துக்கும் இதே பெயர்தான். (அங்கே சுற்றுவதென்னவோ சாதாரணக் காட்டு யானை.) நமக்கு வெள்ளை யானை என்றால் ஐராவதம். தாராசுரத்தில் அது வழிபட்ட இறைவனுக்கு ஐராவதேசுவரர் என்றே பெயர். சுந்தரர் கயிலைக்குப் போனதும் வெள்ளானை மேல்தான். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று யானையைச் சொன்ன ஊரில், அது எப்படி நஷ்டக் கணக்கு ஆகும்?

நம்மிடம் சொல் இல்லாமலா? “இந்தப் பழைய காரை வைத்துக்கொண்டு யானையைக் கட்டித் தீனி போட என்னால் முடியாது” என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்கிறோம். செலவு, சலிப்பு, விட முடியாத கட்டு, எல்லாம் அதில் வந்துவிடுகிறது. தலைப்புக்கு நீளம் என்றால் ‘யானைத் தீனி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். அதற்கும் ஐந்தெழுத்துதான், வெள்ளை யானைக்கும் ஐந்தெழுத்துதான்.