செறிவூட்டல்: அரிசிக்கும் யுரேனியத்துக்கும் ஒரே சொல்லா?

ரேஷன் கடையில் 'செறிவூட்டப்பட்ட அரிசி' என்று கேட்டிருப்போம். ஈரான் பற்றிய செய்தியைத் திறந்தால் அங்கே 'செறிவூட்டப்பட்ட யுரேனியம்'. சொல் ஒன்றுதான், நடக்கிற வேலை நேர் எதிர். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 எல்லாம் ஏற்றிய மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்தால் அது செறிவூட்டிய அரிசி. யுரேனியத்தில் எதையும் கலப்பதில்லை. இருப்பதில் வேண்டாத பங்கைக் கழித்துக்கொண்டே போகிறார்கள்.

முதலில் வேரைப் பார்ப்போம். 'செறி' என்றால் நெருங்கு, அடர்ந்திரு. அதிலிருந்து வந்தது 'செறிவு'. திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்தில் 'செறிவறிந்து சீர்மை பயக்கும்' என்று வருகிறது. அங்கே உரைகாரர்கள் இதற்கு அடக்கம் என்று பொருள் சொல்கிறார்கள். தன்னைச் சிதறவிடாமல் உள்ளே கட்டி வைத்திருப்பது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். வேதியியல் பாடத்தில் கரைசலின் செறிவு என்று படித்ததும் இதே சொல்தான். இதோடு 'ஊட்டல்' ஒட்டிக்கொண்டது. ஊட்டுவது என்றால் வெளியிலிருந்து உள்ளே கொடுப்பது. அரிசிக்கு அது கச்சிதம். யுரேனியத்துக்குத்தான் இடிக்கிறது.

ஆங்கிலத்தின் 'என்ரிச்மென்ட்' என்பதற்குப் பணக்காரன் ஆக்குவது என்று பொருள். அதைப் பின்பற்றித்தான் நாமும் ஊட்டினோம் என்று நினைக்கிறேன். பாரசீகத்திலும் அதே கதை: ஈரானியர்கள் 'கனீ-சாஸி' என்கிறார்கள். 'சாஸி' என்றால் ஆக்குதல். 'கனீ' நமக்குத் தெரியாத சொல்லே இல்லை. அப்துல் கனி என்ற பெயரில் இருக்கும் அதே அரபுச் சொல். செல்வன், யாரிடமும் கையேந்தத் தேவையில்லாதவன் என்று பொருள். அரபு நாளேடுகள் மட்டும் தனி வழியில் போய் 'தக்ஸீப்' என்று எழுதுகின்றன. நிலத்தைச் செழிக்கச் செய்வது என்ற பொருளில் பிறந்தது அது.

சரி, உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் 1000 அணுக்களை எண்ணினால், அணு உலையில் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வகை ஏழுதான் இருக்கும். மீதி 993-ம் கொஞ்சம் கனமான யுரேனியம்-238. யுரேனியத்தை ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்கி, நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கு மேல் சுழலும் உருளைகளில் விடுகிறார்கள். கனமானது ஓரத்துக்கு ஒதுங்கும், லேசானது நடுவில் தங்கும். ஓர் உருளையில் கிடைக்கும் வித்தியாசம் மிகமிகச் சிறியது. அதனால் நூற்றுக்கணக்கான உருளைகளை வரிசையாகக் கோத்து, ஒன்றில் வந்ததை அடுத்ததற்கு அனுப்புகிறார்கள்.

அந்த ஏழு அணுவை விடாமல் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும். மின் உலைக்கு வேண்டிய 4 சதவீதச் செறிவுக்கு வர, 1000-லிருந்து 825-ஐக் கழிக்க வேண்டும், 175 மிஞ்சும். 20 சதவீதத்துக்கு இன்னும் 140 போக வேண்டும்; மிச்சம் 35. 60 சதவீதத்தில் சுமார் 12. குண்டுக்குரிய 90 சதவீதத்தில் சுமார் 8. நடைமுறையில் வீணாவதைச் சேர்க்காத கணக்குதான் இது. ஆனாலும் ஈரானிடம் 60 சதவீதம் என்றதும் உலகம் ஏன் பதறுகிறது என்பதற்கு இதுவே போதும்: கழிக்க இன்னும் நாலே நாலு.

இனி ஈரான். 1908-ல் மஸ்ஜிதே சுலைமானில் எண்ணெய் பீறிட்ட நாடு. இயற்கை எரிவாயு இருப்பில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம். அப்படிப்பட்ட நாட்டில் 2007 ஜூன் 27 முதல் பெட்ரோல் ரேஷன். சில மணி நேரத்துக்கு முன்னால்தான் அறிவிப்பே வந்தது. அதற்குள் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசைகட்டின, தெஹ்ரானில் சில பங்குகளுக்குத் தீ வைத்தார்கள். தனியார் காருக்கு மாதம் 100 லிட்டர், அதற்கு ஓர் அட்டை. காரணம் எளிது: கச்சா எண்ணெயைக் காரில் ஊற்ற முடியாது, சுத்திகரித்தால்தான் பெட்ரோல். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரியதாக இருந்த அபாதான் சுத்திகரிப்பு ஆலை, 1980-ல் தொடங்கிய ஈராக் போரில் சின்னாபின்னமானது. தண்ணீர் விலைக்கு விற்றதால் பயன்பாடு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தேவையில் ஏறத்தாழ 40 சதவீதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய நிலை.

2017-ல் பந்தர் அப்பாஸில் புதிய ஆலை ஓடத் தொடங்கியதும் பற்றாக்குறை சற்றுத் தணிந்தது. ஆனால் 2019 நவம்பரில் ரேஷன் பெட்ரோலின் விலையை ஒரே இரவில் 10,000 ரியாலிலிருந்து 15,000 ஆக்கி, அளவுக்கு மேல் போட்டால் 30,000 என்றார்கள். தெருவில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பலுசிஸ்தான் எல்லையில் மலிவு எரிபொருளைப் பாகிஸ்தானுக்குக் கடத்தியே வயிறு கழுவுகிறவர்களுக்கு 'சூக்த்பர்' என்று தனிப் பெயரே உண்டு. 'சூக்த்' என்றால் எரிபொருள்.

ஒரு சின்ன விலகல். ஈரானியர்கள் பெட்ரோலை 'பென்சின்' என்கிறார்கள். பென்ஸ் காரோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஜாவாப் பக்கத்துப் பிசினை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்றார்கள். அது ஐரோப்பிய வாய்களில் தேய்ந்து 'பென்சோயின்' ஆனது. 1833-ல் மிட்செர்லிச் என்ற ஜெர்மன் வேதியியலாளர், அந்தப் பிசினிலிருந்து வரும் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து வடித்த திரவத்துக்கு பென்சின் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் பின்னால் பெட்ரோலுக்கும் ஒட்டிக்கொண்டது. பிசின் வேறெதுவும் இல்லை, நம் வீட்டுச் சாம்பிராணிதான்.

பெட்ரோலைப் போலவே அணு விஷயத்திலும் ஈரானின் சிக்கல், மண்ணிலிருந்து எடுத்ததை எரிபொருளாக மாற்றும் நடுக்கட்டத்தில்தான். எண்ணெய் எரித்துத் தீர்க்கக்கூடாத அரிய பொருள் என்பது மன்னர் ஷாவின் வாதம். 1970-களில் 23,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று திட்டம் போட்டார். பிரான்சில் யுரேனியத்தைச் செறிவூட்டும் யூரோடிஃப் ஆலையில் 100 கோடி டாலர் கடன் கொடுத்துப் பத்து சதவீதப் பங்கும் எடுத்தார். 1979 புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து யுரேனியம் வரவில்லை. பண வழக்கு முடியவே 1991 ஆனது. இனி யாரையும் நம்ப முடியாது, நாங்களே செய்துகொள்கிறோம் என்று தெஹ்ரான் சொல்லும்போதெல்லாம் இந்தப் பழைய கணக்கும் கூடவே வரும். 2002-ல் ஈரானின் சொந்தச் செறிவூட்டல் ஆலையான நதான்ஸ் அம்பலமானது.

அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் மின்சாரத் தேவை என்ற வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. 2011-ல் மின்தொகுப்பில் இணைந்த புஷெர் உலை 1000 மெகாவாட். அதற்கான எரிபொருளை ரஷ்யாவே தருகிறது. 60 சதவீதச் செறிவை எந்த மின் உலையும் கேட்பதில்லை. பெட்ரோல் பங்கு வரிசையை அணுமின்சாரம் குறைக்கப்போவதும் இல்லை. அங்கே வேண்டியது சுத்திகரிப்பு ஆலை. அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளோடு செய்த 2015 அணு ஒப்பந்தத்தில் 3.67 சதவீதத்துக்கு மேல் போவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 2018-ல் அமெரிக்கா அதிலிருந்து வெளியேற, 2021-ல் ஈரான் 60-ஐத் தொட்டது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசியபோது, அந்தச் செறிவில் 400 கிலோவுக்கு மேல் கையிருப்பு இருந்ததாக சர்வதேச அணுசக்தி முகமை கணக்கிட்டிருந்தது.

அப்போது எந்தத் தமிழ்ச் சொல்? அரிசிக்குச் செறிவூட்டல் இருக்கட்டும். யுரேனியத்துக்குச் 'செறிவாக்கம்' பொருந்தும். செறிவாக்கிய யுரேனியம், செறிவாக்க ஆலை என்று சொல்லவும் இடறாது. தாதுவைப் பற்றிப் பாடநூல்கள் 'அடர்ப்பித்தல்' என்கின்றன, அதுவும் பொருந்தும். ஆனால் அடர் அமிலம், அடர்த்தி என்று வேறு பொருளுக்கு மனம் ஓடிவிடும். செறிவூட்டல் செய்தித்தாள்களில் ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க முடியாது; அதையே எழுதினாலும் குடி முழுகிவிடாது. '60 சதவீதம் தூய யுரேனியம்' என்று எழுதுவதைத்தான் விட வேண்டும். கலப்படமே இல்லாத யுரேனியத்திலும் 235 வகை 0.7 சதவீதம்தான் இருக்கும். அளப்பது செறிவை, தூய்மையை இல்லை.