காய்ச்சலோடு வருபவரின் அரைஞாண் கயிற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும்

ஐப்பசி மழை விட்டு, கார்த்திகை, மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் ரத்த மாதிரிகளோடு இணைந்த சீட்டுகளில் ஏறக்குறைய ஒரே வரிதான் இருக்கும்: காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு, டெங்கு இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இப்படி வருகிற மாதிரிகளைத்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பரிசோதித்து வருகிறேன். ரிக்கெட்சியா குடும்பத்து பாக்டீரியாக்களும் அவற்றைச் சுமந்து திரியும் பூச்சிகளுமே என் ஆராய்ச்சி. இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது, அந்த பாக்டீரியாக்கள் தரும் நோயை முதலில் கண்டுபிடிக்க வேண்டிய இடம் என் ஆய்வகம் அல்ல, நோயாளியின் தோல் என்பதே.

நம் ஊரில் 'உண்ணிக்காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் இரண்டு நோய்கள் வழங்குகின்றன. செய்தித்தாள்களில் அந்தப் பெயரால் பெரிதும் குறிக்கப்படும் ஸ்க்ரப் டைபஸ் நோயை உண்மையில் உண்ணி பரப்புவதில்லை. 'மைட்' என்னும் மிக நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால், ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. எலிகள் நடமாடும் வரப்பு, புதர், காட்டோரப் புல் ஆகியவையே அந்தப் பூச்சியின் இருப்பிடம். உண்மையான உண்ணி பரப்புவது இந்திய உண்ணி டைபஸ். அதற்குக் காரணம் ரிக்கெட்சியா கொனோரை. அதை நம் வாசலுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நாயின் காதுமடலில் கொத்தாகத் தொங்கும் பழுப்பு நிற உண்ணி. இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான் என்றாலும், ஒன்று வரப்பில் பிடிக்கிறது, மற்றொன்று வீட்டுத் திண்ணையிலேயே பிடிக்கிறது என்பதால் இந்த வேறுபாட்டை மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த பாக்டீரியாக்கள் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுபவை. நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் தட்டில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் எதுவும் முளைக்காது. அவற்றை ஏராளமாக வளர்க்கும் வழியை 1938-இல் ஹெரால்டு காக்ஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளர், கருவுற்ற கோழிமுட்டையின் மஞ்சள்கருப் பையில்தான் கண்டார். நாமக்கல் முட்டை லாரிகளைக் கடந்து ஆய்வகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். இந்தக் குடும்பத்துக்குத் தம் பெயரைத் தந்த ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ், அமெரிக்காவின் மலைப்பகுதியில் பரவிய புள்ளிக்காய்ச்சலை உண்ணியே கடத்துகிறது என்று 1906-இல் நிறுவினார். 1910-இல் மெக்சிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே நோய்க்கு இரையானார். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் கையுறையைக் கொடுப்பதற்கு முன் நான் அவருடைய கதையைச் சொல்லிவிடுவேன்.

செல்லுக்குள் ஒளிந்திருப்பதாலும் அவற்றின் செல்சுவர் அமைப்பாலும் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகள் இவற்றிடம் பலிப்பதில்லை. 'ஐந்து நாள் ஊசி போட்டும் சுரம் இறங்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லே எங்களுக்கு ஒரு தடயம்.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். காங்கேயம் பக்கத்திலிருந்து, மாடு மேய்க்கும் ஒருவரின் ரத்தம் காய்ச்சலின் மூன்றாம் நாளில் வந்தது. ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனை செய்து 'நெகட்டிவ்' என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். பரிசோதனையில் பிழை இல்லை; ஆனால் அந்தப் பொருள் ரத்தத்தில் கண்டறியும் அளவுக்கு உயர ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை ஆகும் என்பதை அந்த அறிக்கையில் நான் எழுதவில்லை. சிகிச்சை அளித்தவர்கள், நோய் இல்லை என்றே அதைப் படித்தார்கள். எட்டாம் நாள் மூச்சுத்திணறலோடு வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, அங்கிருந்த செவிலியர் உடை மாற்றுகையில் அவருடைய அரைஞாண் கயிற்றை விலக்கினார். கயிற்றுக்கு அடியில், சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவந்த ஒரு கரிய பொருக்கு இருந்தது. இந்த நோய்க்கான டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்கினார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களுக்குப் பணம் கட்ட அவர் வீட்டில் ஒரு ஜோடி மாட்டை விற்றார்கள். அன்றிலிருந்து, ஐந்தாம் நாளுக்கு முன் எடுத்த மாதிரியின் அறிக்கை ஒவ்வொன்றிலும், 'இம்முடிவு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது' என்று நானே எழுதி அனுப்புகிறேன்.

பூச்சி கடித்த இடத்தில் உண்டாகும் அந்தப் பொருக்கு எல்லா நோயாளிகளிடமும் இருப்பதில்லை. இருப்பவர்களிடமும் அது அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் சேலை இறுகும் இடம் என்று மறைவான இடத்தில் இருக்கிறது, வலிப்பதில்லை, அரிப்பதில்லை. கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் பூச்சி சேகரிக்கப் போயிருந்தபோது, சில நாட்களாகக் காய்ச்சல் என்று சொன்ன ஒரு மூதாட்டியின் முதுகுப்புறத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ரவிக்கை விளிம்புக்குக் கீழே பொருக்கு தெரிந்தது. "கட்டுத்தரையில ஏதோ கடிச்சிருக்குமுங்க அம்மிணி, வலியே இல்லீங்க, அதுனால டாக்டர்கிட்டச் சொல்லோணும்னு தோணுல" என்றார். அன்று மாலையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

பூச்சி சேகரிப்பு என்பது எளிய வேலைதான். கிளுவை வேலியோரக் கொழுக்கட்டைப் புல்லின் மேல் வெள்ளை ஃபிளானல் துணியை மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். ஒட்டியிருக்கும் உண்ணியின் அருகே மூச்சை விட்டால், அது முன்னங்கால்கள் இரண்டையும் உயர்த்தி அசைக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உணரும் உறுப்பு அந்தக் கால்களில்தான் இருக்கிறது. நாய் உண்ணியோ இப்படிப் புல்லில் காத்திருப்பதைவிட, தோட்டத்து வீடான சாளையின் சுவர் விரிசலிலும் நாய் படுக்கும் சாக்கிலும் ஒளிந்திருப்பதே அதிகம். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் சில வாரங்களில் மீண்டும் உண்ணி ஏறிவிடும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

நாயிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் பிடுங்கிய உண்ணியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நசுங்கிய உண்ணியின் உடல்நீர் விரலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ, அதே கையால் கண்ணைக் கசக்கும்போதோ நோயைக் கொண்டுபோகக்கூடும். மனிதர் உடம்பில் கடித்திருக்கும் உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக ஒரே சீராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

இணையத்தில் படித்துவிட்டு, வெளிநாடுகளில் உண்ணி பரப்பும் 'லைம்' நோய்க்குப் பரிசோதனை கேட்டு வருபவர்கள் இப்போது அதிகரித்திருக்கிறார்கள். அந்த நோயின் பாக்டீரியாவை 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் ஆய்வாளர் அடையாளம் கண்டது இக்ஸோடஸ் இனத்து உண்ணிகளில். கொங்குச் சமவெளியின் நாய், மாடுகளில் நாம் வழக்கமாகக் காணும் உண்ணிகள் அந்த இனத்தவை அல்ல. இங்கே காய்ச்சலோடு வருபவரிடம் முதலில் தேட வேண்டியவை நான் மேலே சொன்ன இரண்டும்தான்.

காய்ச்சல் தொடங்கிய நாள், புல் அறுக்கவோ ஆடு மேய்க்கவோ போனது, வீட்டில் நாய் இருப்பது, உள்ளங்கை உள்ளங்காலிலும் சிவப்புத் தடிப்பு தெரிவது, உடம்பில் எங்காவது கரிய பொருக்கு இருப்பது ஆகியவற்றை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். மருத்துவருக்கு ஐயம் எழுந்துவிட்டால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். பலருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிந்துவிடும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அஸித்ரோமைசின் தருகிறார்கள். தீவிர ஸ்க்ரப் டைபஸில் இவ்விரு மருந்துகளையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிட மேலானது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கக்கூடிய நோய் இது. ஆனாலும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தின் படிவத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு கட்டங்களைச் சேர்த்தேன்: காய்ச்சலின் எத்தனையாவது நாள், உடல் முழுவதும் பார்க்கப்பட்டதா. முதலில் பெரும்பாலும் வெறுமையாகவே வந்தன. சென்ற மார்கழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த படிவத்தில், 'நான்காம் நாள். இடது அக்குளின் பின்புறம் பொருக்கு. மாத்திரை நேற்றே தொடங்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. எலிசா நெகட்டிவ். பொருக்கிலிருந்து எடுத்து அனுப்பியிருந்த துணுக்கில், பாக்டீரியாவின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை பாசிட்டிவ். முடிவைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, நோயாளிக்குக் காய்ச்சல் விட்டு அவர் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார்.