ஜி.பி.எம்.: முதலில் எந்த கேலன் என்று கேளுங்கள்

'கேலன் பெர் மினிட்' என்பதன் சுருக்கம்தான் ஜி.பி.எம். ஒரு நிமிடத்தில் குழாய் வழியே எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைச் சொல்லும் அளவு. தமிழில் பாய்வு வீதம். 'ஓட்ட வீதம்' என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. அணைச் செய்திகளில் வரும் 'வினாடிக்கு 5,000 கனஅடி'யும் இதே வகை அளவுதான். வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் 28.3 லிட்டர்.

கேலன் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த முகத்தலளவைப் பெயர். சிக்கல் என்னவென்றால், அது இரண்டு உண்டு. 1824இல் பிரிட்டன் வரையறுத்த இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கா பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டது, அது 3.785 லிட்டர். வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் ஷவருக்குச் சட்டப்படி உச்ச வரம்பு 2.5 ஜி.பி.எம்.; அதாவது நிமிடத்துக்கு 9.5 லிட்டர். பெட்டியில் அதைப் படித்துவிட்டு 4.546ஆல் பெருக்கினால் 11.4 வரும், கணக்கு கெட்டது. இப்போது சந்தையில் வரும் அமெரிக்கப் பொருள்களில் கேலன் என்றாலே 3.785தான்.

மற்ற மாற்றங்கள் சுலபம். எல்.பி.ஹெச். (மணிக்கு லிட்டர்) என்றால் 60ஆல் வகுங்கள். மணிக்குக் கனமீட்டர் என்றால் 16.67ஆல் பெருக்குங்கள். இரண்டிலும் எல்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு லிட்டர், கிடைக்கும்.

மோட்டார் தகட்டில் 3,000 எல்.பி.ஹெச். என்று போட்டிருந்தால் 50 எல்.பி.எம். என்று நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் மிகக் குறைந்த ஹெட்டில் (மோட்டார் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) கிடைக்கும் அளவு. டேங்க் உயரம், உறிஞ்சும் ஆழம், பைப்பிலும் எல்போக்களிலும் ஏற்படும் உராய்வு எல்லாம் சேரச் சேர அது இறங்கும். உண்மையை அறிய, டேங்கில் விழும் தண்ணீரை 20 லிட்டர் கேனில் பிடியுங்கள். லிட்டரை 60ஆல் பெருக்கி, கேன் நிரம்ப ஆன வினாடிகளால் வகுக்க வேண்டும். 48 வினாடி என்றால் 25 எல்.பி.எம்.; 1,000 லிட்டர் டேங்க் நிரம்ப 40 நிமிடம். வாளியில் பிடிப்பதானால் எடைபோட்டுக்கொள்ளுங்கள் (ஒரு லிட்டர் ஒரு கிலோ). வாளியின் மேல் எழுதிய அளவு பல சமயம் விளிம்புவரைக்கும் சேர்த்தது.

'தண்ணி ஃபோர்ஸ் இல்லை' என்ற பேச்சில் அழுத்தமும் பாய்வும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் பலமாகத் தள்ளுகிறது, ஆனால் வாளி நிறைய மாட்டேன் என்கிறது என்றால் அழுத்தம் இருக்கிறது, வழியில் அடைப்பு. குழாய் வாய்ச் சல்லடை, பாதி திறந்த கேட் வால்வு, உப்பு படிந்த பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஆகியவற்றைப் பாருங்கள். விரலுக்கே பலம் தெரியவில்லை என்றால் உயரம் போதவில்லை. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு) அழுத்தம். மேல்மாடி ஷவருக்கு 3 மீட்டர் மேலே டேங்க் இருந்தால் 0.3 கிலோதான். அங்கே சல்லடையைக் கழுவிப் பயனில்லை.

பைப் அளவிலும் ஒரு பொறி உண்டு. பாய்வு வீதம் என்பது பைப்பின் உள் குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கியது. அரை அங்குல பைப்பின் உள்விட்டம் 15 மி.மீ. என்று வைத்து, வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 16 எல்.பி.எம். வரும். அரை அங்குல சி.பி.வி.சி. (பிளாஸ்டிக்) பைப்பின் உள்விட்டமோ 12.4 மி.மீ. அளவில்தான் இருக்கும்; அதே வேகத்தில் 11கூட முழுதாகத் தேறாது.